காதின் சிவப்பு

துமார் மூன்றாவது கண்ணாடிக் குப்பியின் கழுத்தை ஒடித்து, மருந்தை உச்சந்தலையில் தேய்த்து முடிக்கும்போது வாசலில் கார்கள் வந்து நின்றன. மதியம் வரவேண்டிய சம்பந்தி வீட்டார். கணவாயில் பனி கொட்டப்போகிறது என்று விடியும் முன்பே கிளம்பிவிட்டார்களாம்.

இலையுதிர்காலத்துக் காய்ச்சல் அவள் தலைமுடியில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. மருந்துக்கடையில் வேலைபார்க்கும் அண்ணி வெனேராதான் குப்பிகளைக் கொண்டுவந்தாள். "பி3 வைட்டமின்தான்டி. இதையே அழகான பாட்டில்ல ஊத்தி யானை விலை சொல்றான். ஊசிமருந்தா வாங்கினா கொள்ளை மலிவு. ஒரு நாளைக்கு ஒண்ணு, அதுக்கு மேல போனா தோல் சிவந்து எரியும்." அதற்கெல்லாம் துமாருக்குப் பொறுமை ஏது? இன்று அவளைக் கட்டிக்கப்போகும் எமிலின் அம்மா அவள் காதில் தோடு போடுவார். இரண்டு காதிலும் தோடு ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் அவர்களுடையவள். அதற்குமுன் தலை தெரிந்துவிட்டால் என்ன செய்வார்களோ.

அவசரமாக முக்காட்டைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தலை அடுப்பாக எரிந்தது. நெற்றி, கன்னம், காது எல்லாம் தக்காளி நிறம்.

"பொண்ணு முகத்தைப் பாருங்க, எவ்வளவு வெட்கம்," என்றாள் எமிலின் சித்தி, பொரித்த போர்சோக் ரொட்டியை ஜாமில் தோய்த்தபடி. "இப்ப உள்ளதுங்க நம்மளத்தான் வெட்கப்பட வைக்குதுங்க."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வெனேராவின் தோள் அடக்கிய சிரிப்பில் குலுங்கியது.

எமிலின் அம்மா கனிஷை லேசில் சிரிக்கிறவர் அல்ல. முக்காட்டை விலக்கி முதல் தோட்டைப் போட்டார். காதைத் தொட்ட விரல் சூடு பட்டு அப்படியே நின்றது. துமாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பொய்யோடு அந்த வீட்டுக்குள் போக மனம் வரவில்லை.

"அத்தை," என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி. "இது வெட்கம் இல்ல, மருந்து. காய்ச்சல்ல முடி கொட்டிருச்சு. இன்னொண்ணு போடறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க."

கனிஷை முக்காட்டின் ஓரத்தைத் தூக்கினார். அகன்றுபோன வகிட்டையும் அங்கே சிவந்து கிடந்த தோலையும் பார்த்தார். சுற்றிலும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தோடு தட்டிலேயே கிடந்தது.

"எத்தனை தேச்ச?"

"மூணு."

"நான் தேய்க்கற ஒண்ணுக்கே என் உசிரு போயிட்டு வரும்," என்று முணுமுணுத்தார் கனிஷை.

அவர் முகத்தில் இப்போதும் சிரிப்பு இல்லை. துமாரின் முக்காட்டை முன்னால் இழுத்து, நெற்றி மறைய இறுக்கிக் கட்டினார். பிறகு தட்டை நோக்கிக் கை நீட்டினார். எரிகிற காதில் வெள்ளித் தோடு சில்லென்று இறங்கியது.