தலையைத் தூக்காதே

வாயில் குழாயைக் கவ்விக் குப்புற மிதந்து மீன் பார்க்கும் ஸ்நார்க்கெலிங் குளத்தின் வாசலில் வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. வெயிலில் நின்ற அப்பாக்கள் கழுத்தில் எல்லாம் தண்ணீர் புகாத உறைக்குள் ஒரு ஃபோன் தொங்கியது. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவரும் மனைவி, மகளோடு அங்கே நின்றிருந்தார். மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் கூப்பிடும் பெயர் வாலு. போன வாரம் அவருடைய அண்ணன், தன் மகள் இதே குளத்தில் மீன்களுக்கு மேலே மிதக்கும் வீடியோவை உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து நம்மவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது என்பதும், அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதும் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

ஏழு வயது ஆகாத குழந்தைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. வாயிலில் வயதைக் கேட்டபோது ஏழு என்று கூசாமல் சொன்னார். மனைவி முறைத்தாள். வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

குளத்தின் காவலர் வாலுவின் மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பி, பட்டைகளை இழுத்துப் பார்த்துவிட்டு மறுகோடிக்குப் போனார். சட்டை அவளை நன்றாகத் தூக்கிப் பிடித்தது. அதனால் முகம் தண்ணீருக்குள் சரியாகப் போகவில்லை. ஃபோனில் பார்த்தால் ஆரஞ்சு நிறப் பலூன் ஒன்றுதான் தெரிந்தது, பிள்ளையைக் காணோம். அப்பா சட்டையின் அடைப்பைத் திறந்து பாதிக் காற்றை வெளியே விட்டார்.

கரையில் இருந்த மனைவி எதற்கு என்று கேட்டாள். நான்தான் பக்கத்திலேயே நிற்கிறேனே என்றார். அவளும் அதை நம்பி, துண்டை எடுக்கப் பையின் பக்கம் திரும்பினாள்.

இரண்டு தடவை எடுத்தும் வீடியோ சரியாக வரவில்லை. வாலு பாதியிலேயே தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா முதுகுல தட்டற வரைக்கும் தலையத் தூக்கவே கூடாது. சரியா?”

வீட்டில் ஒரு பேச்சையும் கேட்காத பெண், அன்றைக்கு என்று பார்த்து அப்பா சொன்னதைக் கேட்டாள்.

முகத்தை உள்ளே விட்டுக் கைகளை விரித்தாள். யாரோ குதித்ததில் எழுந்த அலை, அவள் வாயில் கவ்வியிருந்த குழாய்க்குள் புகுந்தது. காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தது. அப்பா இதோ தட்டிவிடுவார் என்று குழந்தை காத்திருந்தது.

அந்தக் குளத்தில் எல்லோருமே குப்புறப் படுத்து, அசையாமல்தான் மிதப்பார்கள். ஃபோனில் வாலு வெகு அழகாகத் தெரிந்தாள். தலைமுடி விரிந்து மிதந்தது. பயிற்சிக் காரில் ஒருவர் ஃபோனைத் தொட்டாலே வண்டியை ஓரங்கட்டச் சொல்லித் திட்டித் தீர்க்கும் மனிதர், இன்னும் நல்ல கோணம் கிடைக்குமா என்று பக்கவாட்டில் நகர்ந்தார்.

“ஏங்க, அவ கால் அசையல.”

“மீன் பாக்கறா. கூப்பிட்டுக் கலைக்காத.”

மனைவி கையில் இருந்த துண்டோடு தண்ணீரில் குதித்தாள். மகளைப் புரட்டியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. காவலர் ஓடிவந்து, கரையில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். வாலு இருமினாள், தண்ணீராகக் கக்கினாள், பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் பெற்றவளுக்கு உயிர் வந்தது.

முதலுதவி அறையில் இருந்த செவிலியர், தேறிவிட்டாள் என்று நினைத்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விடக் கூடாது, உடனே மருத்துவமனையில் காட்ட வேண்டும் என்று சொல்லி வண்டிக்கு ஏற்பாடு செய்தார். வாலு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“தண்ணி உள்ள வந்துச்சுப்பா. ஆனாலும் நான் தலையத் தூக்கவே இல்ல.”

அவர் வெட்கத்தில் குன்றிப்போனார். மனைவி அவரைத் திட்டவில்லை. “நீங்க பாத்துக்கறீங்கன்னுதான் நான் திரும்பினேன்” என்று மட்டும் சொன்னாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். அது உண்மையும்கூட. ஆனால் அதைச் சொல்லாமல், கழுத்தில் தொங்கிய ஃபோனைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தார்கள். வழியில், குளத்துக்குள் நின்ற ஒருவர் ஃபோனைப் பிடித்தபடி தன் பையனை ஆடாமல் மிதக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியர் நின்றார். ஃபோனை வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்கும்படி அவரிடம் சொன்னார்.

“பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன்” என்றார் அவர், சற்று எரிச்சலோடு.

“நானும் பாத்துக்கிட்டுதாங்க இருந்தேன். ஃபோன்ல எம் பொண்ணு அழகா மிதந்தா. அப்போ அவளுக்கு மூச்சே இல்ல. குழந்தையத் தண்ணியில எறக்கினா, ஃபோன வெளிய வச்சிட்டுக் கைக்கெட்டற தூரத்துல நில்லுங்க. மூச்சு முட்டுச்சுன்னா யார் என்ன சொன்னாலும் தலையத் தூக்குன்னு மொதல்ல சொல்லிக்குடுங்க. நான் அதச் சொல்லல. தூக்காதன்னு சொன்னேன்.”