அஞ்சடி ஆறு

“அஞ்சடி நாலு” என்றார் சிவபாதசுந்தரம் தொலைபேசிக்குள். சவப்பெட்டிக்கு மனைவியின் உயரத்தைக் கேட்டார்கள். அவர் தன்னுடைய உயரத்தைச் சொன்னார். வித்தியாசம் ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

சுகந்தி தகப்பனின் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

“அம்மா உங்களை விட உயரம், அப்பா.”

“இப்ப தொடங்காதை பிள்ளை. மலர்ச்சாலைக்காரன் லைனில நிக்கிறான்.”

“நிக்கட்டும். அஞ்சடி ஆறு எண்டு எழுதுங்கோ” என்றாள் சுகந்தி மறுமுனைக்கு.

மறுமுனையில் மலர்ச்சாலைக்கார ஹியூபேட் நிதானமாகக் கேட்டார். “ஆறா நாலா, மிஸ்? கடைசியா ஒண்டைச் சொல்லுங்க.”

“ஆறு. உயிரோட இருக்கேக்க மடிச்சு வைச்சது காணும், இனியாவது நீட்டிப் படுக்கட்டும்.”

கடைசி வசனம் ஹியூபேட்டுக்கு விளங்கியிராது. சிவபாதசுந்தரத்துக்கு விளங்கியது. அவர் பல்கனிக்குப் போய்க் கீழே கொழும்புக் காலி வீதியில் ஓடும் வாகனங்களைப் பார்த்தபடி நின்றார்.

கனகேஸ்வரி விடியற்காலை ஆஸ்பத்திரியில் செத்துப் போயிருந்தாள்.

கலியாணப் படம் அந்த வெள்ளவத்தை அடுக்குமாடிப் பிளாற்றின் வரவேற்பறையில் மாட்டியிருந்தது. படத்தில் மாப்பிள்ளை ஒரு பலகைக்கட்டையில் ஏறி நிற்கிறார். பொம்பிளை வெறுங்காலோடு முழங்காலைக் கொஞ்சம் மடித்து நிற்கிறாள். கூறைச்சேலையின் கொய்யக மடிப்புக்குள் அது தெரியாது. பெண் இரண்டங்குலம் கூட என்ற குற்றத்துக்காக மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தில் ஒரு பனங்காணியும் சேர்த்து வாங்கினார்கள். அதற்குப் பிறகும் அந்த இரண்டங்குலம் மன்னிக்கப்படவில்லை. சபை சந்தியில் அவள் கதிரையில் இருந்தாள், அவர் நின்றார். குதியுயர்ந்த செருப்பு அந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

உதவி ஆணையாளராக ஓய்வு பெற்றபின், தலைவராக இருப்பதற்கென்றே சிவபாதசுந்தரம் மூத்த பிரசைகள் நலன்புரி மன்றம் ஒன்றைத் தொடங்கினார். மன்றத்துக்கு அங்கத்தவர்கள் சேர முன்னரே றப்பர் முத்திரை வந்துவிட்டது. கூட்டங்களில் அவர் ஒரு பகிடி விடுவார்: “கலியாணம் கட்டேக்க என்ர மனிசி என்னை விட ஒரு நூல் உயரம். இப்ப பாருங்கோ, சமனுக்கு வந்திட்டா. இதுதான் இல்லறம்.” எல்லோரும் சிரிப்பார்கள். பின்வரிசையில் வடைத் தட்டோடு நிற்கும் கனகேஸ்வரியும் சிரிப்பாள். சமனுக்கு வந்தவள் அங்கேயே நிற்கவில்லை, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தாள் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு விடியற்புறம் ஆமியின் சுற்றிவளைப்பு. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் எடுத்துக்கொண்டு எல்லோரும் கீழே வரவேண்டும். லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். கனகேஸ்வரி வழுக்கவில்லை, தடுக்கவில்லை. கடைசிப் படியில் நின்று புருஷன் வருகிறாரா என்று திரும்பினாள், அவ்வளவுதான். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் விழுந்தாள். ஆமிக்காரன் ஒருவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு “அம்மே, அம்மே” என்று தாங்கிப் பிடித்தான். இடுப்பெலும்புக்குத் தகடு வைத்தார்கள். தகடு நன்றாகத்தான் இருந்தது. படுக்கையிலேயே கிடந்ததில் நெஞ்சுக்குள் சளி கட்டி, அது நிமோனியாவாகி விட்டது.

“ஹாட் அற்றாக்” என்று சிவபாதசுந்தரம் விடிந்ததிலிருந்து தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மாரடைப்புக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு உதவி ஆணையாளரின் மனைவி படியில் திரும்பிச் செத்தாள் என்று எப்படிச் சொல்வது?

பின்னேரம் மலர்ச்சாலையின் பின்னறையில் சுகந்தி தாயாருக்குக் கூறைச்சேலை உடுத்தினாள். உறவுக்காரப் பெண்கள் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தில். சண்டையில் பாதை பூட்டிக் கிடந்தது. மீதிப்பேர் கனடாவில். கூட நின்றது பைறோஸா மட்டும்தான். கீழ்வீட்டுக்காரி, கனகேஸ்வரியின் வயதுக்காரி.

சேலை கட்டக் கட்டக் கீழே இழுபட்டது. இடுப்பில் இன்னொரு மடிப்பு, பிறகு இன்னொன்று. சுகந்தியின் கை அந்த மடிப்புக்குப் பழகியிருந்தது. தான் குடியிருக்கும் ஹெந்தளையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரும்போது தாயாரின் பாவாடைகளுக்குக் கரை மடித்துத் தைத்துக் கொடுப்பாள். “அந்தத் தையல்காரனுக்குக் கண் பொட்டை, ஒவ்வொருக்காவும் நீட்டாத் தைக்கிறான்” என்று இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டுவார்கள். கடையையும் ஒருமுறை மாற்றினார்கள். அந்தப் புதுத் தையல்காரனுக்கும் கண் பொட்டை.

ஹியூபேட்டின் ஆட்கள் உடலைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். முதுகு கூனியிருந்ததால் தலை பலகையில் படவில்லை. இரண்டு தலையணை கொடுத்தார்கள். பிறகு எல்லோரும் காலடியைப் பார்த்தார்கள்.

பாதத்துக்கும் பலகைக்கும் இடையில் ஒரு பச்சைக் குழந்தையைக் கிடத்தலாம்.

“மிஸ் சொன்ன அளவுதான்” என்றார் ஹியூபேட், தன்மேல் பிழை வந்துவிடக் கூடாது என்பதுபோல.

சுகந்தி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தன் நினைவிலிருந்த தாயை அவள் பார்த்தாள். ஸ்டூல் வைக்காமல் மேல்தட்டுப் போத்தலை எடுக்கிற, மகளின் உச்சியில் நாடியை ஊன்றிப் பேன் பார்க்கிற தாய். அந்தத் தாய்க்குத்தான் பெட்டி சொல்லியிருந்தாள். தகப்பன் பார்க்கவில்லை என்பதுதானே இவ்வளவு நாளும் அவள் வழக்கு.

“எங்க போச்சுது?” என்றாள். “மாமி, இவ்வளவும் எங்க போச்சுது?”

பைறோஸா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். “எலும்பு நொறுங்கி ஆள் குறையிற, மகள். வலிச்சா செல்லவா போறா? முதுகு உளையுது எண்டு நோவுக்குப் பாம் பூசிக்கிட்டே இருந்தா.” கொஞ்சம் நிறுத்தினாள். “மன்றத்தில எலும்பு டாக்டர் வந்தாரே, நீங்க வரல்ல. வயசான பொம்பளையளுக்கு எலும்பு முறியிற ஆபத்து எவ்வளவு எண்டு பாக்கிற கேம்ப். நானும் அவளும் ஒரே வரிசைல நிண்ட. கை முந்தி முறிஞ்சதா எண்டு கேட்டார். ஓம் எண்டா. தொய்வு இழுப்புக்கு நெடுக மருந்துக் குளுசை போட்டதா? அதுக்கும் ஓம். டாக்டர் முகம் மாறிச்சி. செவரோட நிக்க வச்சி அளந்தார். ‘இளமையில இதைவிட உயரமா இருந்தீங்களா அம்மா? குறைஞ்சிருந்தா உடனே எக்ஸ்றே படம் எடுக்கோணும்’ எண்டார்.”

“அம்மா என்ன சொன்னவா?”

“மேடையைப் பாத்தா. ஐயா மாலையோட நடுக் கதிரைல. மைக்கு வேற பக்கத்தில. ‘எப்பவும் இவ்வளவுதான் டாக்டர்’ எண்டா. அவர் நம்பல்ல. திரும்பவும் கேட்டார். ‘இவர் அளவுதான் நான் எப்பவும்’ எண்டு சிரிச்சா. பொறகு அவர் என்ன செய்ய? சுண்ணாம்புச் சத்துக் குளுசை எழுதிக் குடுத்தார். ஹோல் முழுக்கக் கை தட்டிச்சி மகள். நானும் தட்டின.”

சுகந்தி திரும்பினாள். வாசலில் சிவபாதசுந்தரம் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. அன்றைக்கு முதலில் கை தட்டியது யாரென்று கேட்க அவள் வாயெடுத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

அவர் பெட்டியருகே வந்தார். தலையணைகளைப் பார்த்தார். காலடி வெறுமையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார், கூட்டம் தொடங்க முன்னர் செருமுகிற அதே செருமல். ஆனால் கூட்டம் தொடங்கவில்லை.

“சேர்,” ஹியூபேட் மெல்லக் கிட்ட வந்தார், “சின்ன சைஸ் ஒண்டு கடையில நிக்குது. அஞ்சு நிமிசத்தில மாத்திடலாம். ஆக்களும் வரத் தொடங்கிட்டாங்க, பாக்க ஒரு மாதிரி இருக்கும்.”

“மாத்த வேண்டாம்.”

“இல்ல சேர், பெட்டி பெரிசு...”

“பெட்டி சரி” என்றார் சிவபாதசுந்தரம். “அவ அஞ்சடி ஆறு.”

காலடி வெறுமையைச் சுகந்தி சேலைகளால் நிரப்பினாள்.

மண்டபத்தில் நமசிவாயம் இரங்கலுரை நிகழ்த்தினார். மன்றத்தின் செயலாளர், செத்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால் அவருக்கு இன்னும் நன்றாகப் பேச வரும். வீடியோக்காரன் றொபேட் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு லைற்றோடு வந்திருந்தான். கனடாவில் அகதி மனு போட்டுவிட்டு வரமுடியாமல் இருக்கும் கனகேஸ்வரியின் மகனுக்கு இந்தப் படம் போகவேண்டும். ஆகவே நமசிவாயம் பெட்டியைப் பார்த்துப் பேசாமல் கனடாவைப் பார்த்துப் பேசினார்.

“குனிந்த தலை நிமிராத குணவதி! எங்கள் தலைவரின் நிழலாக நடந்தவர். அந்தப் பணிவு, அந்த வளைவு, இந்தக் காலத்துப் பெண்களிடம் உண்டா?”

கூட்டம் தலையாட்டியது. றொபேட் தலைவரின் முகத்துக்குக் கமெராவைத் திருப்பினான். கனடாவில் மகன் அந்த இடத்தைப் பார்க்கும்போது தகப்பன் நித்திரை கொள்வதாக நினைத்திருப்பான். அவர் கண்ணை மூடியிருந்தார்.

கிரியைகள் முடிந்து மூடி போட்டார்கள். ஹியூபேட்டின் ஆட்கள் நாலு பேர், மருமகன் முறையான உறவுக்காரர் இரண்டு பேர், எல்லோரும் வாட்டசாட்டமானவர்கள். பெட்டி தோளுக்கு ஏறியது. கால்மாட்டுப் பக்கம் பிடித்த மருமகனை விலக்கிவிட்டு சிவபாதசுந்தரம் அங்கே போய் நின்றார்.

“ஐயா, நீங்க பின்னால வாங்க” என்றான் றொபேட் கமெராவுக்குப் பின்னாலிருந்து. “அதில நிண்டா உங்க முகம் விழாது.”

அவர் நகரவில்லை. மற்றவர்களின் தோள் உயரத்தில் பெட்டி போனது. அவருடைய தோளுக்கும் பெட்டிக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. கையை உயர்த்தினார். விரல் நுனி மட்டும் பட்டது.

“ஐயாவுக்கு எட்டேல்லை, பதிச்சுப் பிடியுங்கோ!” என்று யாரோ சத்தம் போட்டார்கள். முன்னால் நின்றவர்கள் தோளைத் தாழ்த்தப் பார்த்தார்கள்.

“பதிக்க வேண்டாம்” என்றார் சிவபாதசுந்தரம். “அப்பிடியே போங்கோ.”

பெண்கள் வாசற்படலையோடு நிற்கவேண்டும், சுடலைக்குப் போவதில்லை. சுகந்தியும் பைறோஸாவும் நின்றார்கள். வெளியே காலி வீதி பஸ்ஸொன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பெட்டி வாகனத்தை நோக்கி ஆடி ஆடிப் போக, கால்மாட்டில் ஒரு சின்ன மனிதர் இரண்டு கைகளையும் மேலே நீட்டி, வெறுங்காலோடு, குதிக்கால் நிலத்தில் படாமல், கூடவே நடந்துகொண்டிருந்தார்.