இந்திப் படத்துக்கு ஒரு பெண்ணின் அம்மா

வேலந்தாவளம் பக்கத்தில் சரஸ்வதியம்மாள் இல்லாமல் ஒரு கல்யாணம் நடக்காது. மணமக்களுக்குச் சீர் செய்துவைக்கும் அருமைக்காரி அவள். அவள் கணவர் ரத்தினசாமியின் தென்னந்தோப்பில் இந்திப் படத்துக்காகக் கல்யாணக் காட்சி எடுக்க மும்பைக்காரர்கள் வந்தபோது, பெண்ணின் அம்மாவாக நடிக்க அவளையே கேட்டார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள்.

பந்தலுக்குள் நுழைந்ததும் தலை சுற்றியது. மணவறைக்கு இந்தப் பக்கம் கதகளி, அந்தப் பக்கம் பரதநாட்டியம், நடுவில் யானை. சொந்தக்காரர்களாக நடிப்பவர்கள் நெற்றியிலெல்லாம் வெள்ளையடித்த மாதிரி திருநீறு.

படக் கம்பெனிக்கு மொழிபெயர்க்கும் உள்ளூர்க்காரன் கோபிநாத்தைக் கூப்பிட்டாள். "ஏங் கண்ணு, இது யாரூட்டுக் கல்யாணம்?"

"எல்லாரூட்டுக் கல்யாணமுந்தானுங்க அத்தை. வடக்க இருக்கறவங்களுக்கு நாமெல்லாம் ஒண்ணுதானுங்க."

அவளுக்கு ஒரே ஒரு வசனம். தாலி ஏறியதும் மாரில் அடித்துக்கொண்டு, "அய்யய்யோ, எம்பொண்ணு போறாளே!" என்று கத்த வேண்டும்.

"தாலி கட்டற நேரத்துல அய்யய்யோவா? எந்தத் தாயாவது சொல்லுவாளா?"

ஏழு தடவை கேமரா ஓடியது. ஏழு தடவையும் வாயை இறுக மூடிக்கொண்டு அட்சதை போட்டாள். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "சரி, நிஜ அம்மா என்னதான் சொல்லுவாள்? அதையே சொல்லட்டும்" என்றார்.

எட்டாவது தடவை சரஸ்வதியம்மாள் மணப்பெண்ணாக நடித்தவளின் முகத்தைப் பார்த்தாள். விடியற்காலையிலிருந்து கழுத்து நிறைய நகையோடு நிற்கிற பெண். வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். உதடு காய்ந்திருந்தது. தன் முந்தானையால் அந்தப் பெண்ணின் வியர்வையைத் துடைத்தாள்.

"காத்தாலிருந்து ஒண்ணுமே திங்கலியே அம்மணி. பசிக்குதா?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கண் நிறைந்து வழிந்தது. ஆமாம் என்று தலையாட்டினாள்.

"ஓகே!" என்று டைரக்டர் துள்ளிக் குதித்தார். சரஸ்வதியம்மாள் அதற்குள் பெண்ணின் கையைப் பிடித்துச் சமையல் பந்தலுக்கு நடந்துவிட்டாள். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி முன்னால் வைத்தாள்.

கோபிநாத் ஓடிவந்தான். "அத்தை, இன்னும் ரெண்டு ஷாட்டு இருக்குதுங்க! மேக்கப் கலஞ்சுருமுங்க!"

"கலையட்டும்."

மூன்று தட்டு சாப்பிட்ட பெண், மணக்கோலத்திலேயே கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து அயர்ந்து தூங்கிப்போனாள். டைரக்டரே நேரில் வந்தார். அம்மாக்காரி கட்டில் காலருகே உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்து அவரை முறைத்தாள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.