டம்ளரில் போட்ட கோடு

ஓட்டுநரம்மாவின் மகளுக்கு ஒரு வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். எவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வழிவிடுவாள். நாற்பத்தேழு பேருந்துகள் ஓடும் சாலையில் அம்மாவின் வண்டி ஹாரனைத் தொட்டிலில் படுத்தபடியே கண்டுபிடித்து, மற்ற நாற்பத்தாறுக்கும் உதட்டைப் பிதுக்குவாள். இதில் மிகை ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்த்தவர்தான் சொன்னார்.

அடுத்த மாதம் முதல் அம்மாவுக்கு வெளியூர்த் தடம். ஒரு நாள் போய் மறுநாள் திரும்பவேண்டும். அதற்குள் பசும்பாலுக்குப் பழக்கியாக வேண்டும். ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் துப்பிய வேகத்தில் எதிர்வீட்டுப் பூனை அதன் வாசலிலேயே நனைந்தது. அதோடு அந்தப் பூனை எலி பிடிக்கும் தொழிலையே விட்டுவிட்டது.

"அவசரப்படாதீங்க" என்றார் தடுப்பூசி போடும் நர்ஸ். "முதல்ல முக்கால் பங்கு உங்க பால், கால் பங்கு பசும்பால். கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. இருபது நாள் ஆகட்டும்."

இருபது நாள் என்றதும் ஓட்டுநரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கலக்கும் வேலை அப்பாவுடையது. அவர் வீட்டிலேயே தைக்கும் தையல்காரர். கண்ணாடி டம்ளரில் துணியில் குறிபோடும் சாக்பீஸால் கோடு போட்டுத்தான் ஊற்றுவார். அம்மா மதிய இடைவேளையில் பணிமனை ஓய்வறையில் தன் பாலைப் பீய்ச்சி, சின்ன பிளாஸ்டிக் பையில் அடைத்து, மேலே தேதி எழுதிக் கொண்டுவருவாள். வண்டியில் எந்தக் குழந்தை அழுதாலும் அவளுக்கு மார்பு கனத்து சட்டை நனைந்துவிடும். நடத்துநர் அதை வேர்வை என்றே நம்பி, குளிர்நாளிலும் அவளுக்கு விசிறியை நீட்டுவார்.

மாலையில் படியேறும்போதே கேள்வி வரும்.

"இன்னிக்கு என்ன பண்ணா?"

"மூஞ்சிய சுளிச்சா. உன் பால் கலந்திருந்ததாலதான் குடிச்சா."

அவள் முகம் கவலைப்பட முயன்று தோற்றுப்போகும்.

ஒன்பதாம் நாள் வண்டி நடுச்சாலையில் பழுதாகி நின்றது. மூன்று மணிக்கே வீடு திரும்பியவள், தண்ணீரில் போட ஐஸ் தேடி ஃப்ரீசரைத் திறந்தாள். முதல் நாள் பை மட்டும் இல்லை. மற்ற ஏழும் அவள் கையெழுத்தோடு கல்லாகக் கிடந்தன.

"என்னங்க இது?"

தையல் இயந்திரம் நின்றது. "ரெண்டாம் நாளே தப்பு நடந்துபோச்சும்மா. துணியில எப்பவும் பின்பக்கந்தானே குறி போடுவேன். அந்தப் பழக்கத்துல டம்ளரைக் கவுத்து வெச்சுக் கோடு போட்டுட்டேன். நிமிர்த்தி ஊத்தினா உன் பால் கால்தான், பசும்பால் முக்கால்."

"துப்பலையா?"

"மடக்மடக்குனு குடிச்சா. மறுநாள் முழுசும் பசும்பால் குடுத்துப் பார்த்தேன். காலி டம்ளரை நீட்டி இன்னும் கேட்டா."

நாலைந்து நாளாகக் காலையில் மடியில் இரண்டு வாய் குடித்துவிட்டு மகள் நழுவுவதை அவள் விளையாட்டு என்றே நினைத்திருந்தாள்.

"ஏன் சொல்லல?"

"நீ ஆசையா கேப்ப. உண்மையச் சொல்ல வாய் வரல."

"பொய் சொல்ல மட்டும் வாய் வந்துச்சாக்கும்."

"அந்தப் பையெல்லாம் தூக்கிப் போடவும் கை வரலம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்து.

அவள் ஃப்ரீசரை மூடவில்லை. குளிர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இருபது நாளில் மீதி பதினொன்று. யாருடைய பதினொன்று என்றுதான் தெரியவில்லை.

"அவளுக்குப் பழகிடுச்சு" என்றாள் கடைசியில். "எனக்கு யாரு பழக்குறது? சொன்ன இருபது நாளும் எனக்கு வேணும். மெதுவா, தினம் கொஞ்சம் கொஞ்சமா."

"எப்படிம்மா?"

"தெரியல. நீங்கதான் அளக்குறவரு."

தையல்காரருக்கு அளவு நாடாவில் கைபோனது. போன கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு பசும்பாலை ஆற்றி, மகளைத் தூக்கி அம்மாவின் மடியில் உட்காரவைத்து, டம்ளரை அம்மாவின் கையில் கொடுத்தார். "இனிமே நீ வீட்டுல இருக்கிற நேரமெல்லாம் நீயே குடு."

இன்ஸ்பெக்டர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் நெஞ்சில் சாய்ந்து குடிக்கத் தொடங்கினாள். ஒரு கை டம்ளரைப் பிடித்தது. மறு கை சீருடையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது, திறக்கச் சொல்லி அல்ல, சும்மா.

டம்ளர் காலியாகி வெகுநேரமாகியும் அம்மா அதைக் கீழே வைக்கவில்லை.