மேம்பாலத்தில் இறங்குகிறவர்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. காலை ஏழு ஐம்பத்திரண்டு மின்சார ரயிலில், மூன்றாவது பெட்டியில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது கண்ணெதிரே கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். உடையவர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. அவர் கேட்கிற ஆளில்லை, அங்கேதான் சிக்கல்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"விடியலின் பொன்னிறக் கதிர்கள் தண்டவாளத்தின் மீது —" அந்த நேரத்தில் பொன்னிறத்தை நின்று பார்ப்பவருக்கு ரயில் போய்விடும். அடித்துவிட்டேன்.

"மனித வாழ்க்கையே ஒரு ரயில் பயணம்தான் என்று —" இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

"எங்க இறங்குவீங்க?"

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிற்கிறவர் உட்கார்ந்திருப்பவரிடம் இப்படிக் கேட்டால் அது நலம் விசாரிப்பதல்ல. அவருடைய இடத்துக்கு இப்போதே துண்டு போட்டு வைப்பது. அவர் ஒரு ஸ்டேஷன் பெயரைச் சொல்லிவிட்டால் பத்திரம் பதிந்த மாதிரி. அப்புறம் அந்த இடத்தை வேறு யாரும் கேட்க மாட்டார்கள். சொன்னவரும் சொன்ன ஸ்டேஷனில் எழுந்துதான் ஆகவேண்டும்.

2

கதாநாயகர் பல் செட் செய்கிறவர். பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் எடுத்தனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு, ஒரு பட்டறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத மனிதர்களுக்குப் பல் கட்டிக் கொடுப்பவர். பெயர் வேண்டாம், பல்லுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்தப் பட்டறையில் ஜன்னலோர மேசை. மேசையில் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஓர் எண். இளஞ்சிவப்பு மெழுகு, அதை உருக்கச் சின்னதாக ஒரு ஸ்பிரிட் விளக்கு, இருபது வெள்ளைகள் ஒட்டிய ஒரு கலர் அட்டை. வெள்ளையில் இருபது வகை இருக்கிறதா என்று கேட்டால் அவருக்கு உற்சாகம் பிறந்துவிடும். பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் அந்த வித்தியாசம் தெரியும், டியூப்லைட்டில் எல்லாப் பல்லும் ஒன்றுதான் என்பார். அதனால்தான் பதினெட்டு வருடமாக அந்த ஜன்னலோரத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.*

(* பட்டறையை நான் பார்த்ததில்லை. அவர் ரயிலில் சொன்னதை வைத்து நானே கட்டியது. பல் ஒன்றிரண்டு கோணலாக இருக்கலாம்.)

ஆறு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவர் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் சீட்டு அது. நடுவில் யாராவது ஒருவர். அந்தக் கோடியில் எந்நேரமும் தூங்குகிற ஒருவர். தூங்குகிறவர் தன் பெரிய கான்வாஸ் பையைக் கைக்குழந்தை மாதிரி பக்கத்திலேயே உட்கார வைத்திருப்பார். (இந்தத் தூங்குகிறவரால் கதைக்கு ஒரு பைசா பிரயோசனமில்லை. அடுத்த பிரதியில் இவரையும் பையையும் எடுத்துவிட வேண்டும்.)

அன்றைக்கு முட்டிவலிக்காரி ஒருத்தி ஏறினாள். கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்றாள். பிறகு அவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பல்லுக்காரர் அப்போது ரயிலிலேயே இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் முன்பல்லுக்கு ஏழாம் வெள்ளையா எட்டாம் வெள்ளையா என்ற யோசனையில் இருந்தார். பார்வை ஜன்னலுக்கு வெளியே. தூரத்தில் மேம்பாலம் தெரிந்தது, அதன் அடியில் அதே பெயரில் ஒரு ஸ்டேஷன். "மேம்பாலம்" என்றார்.

அவர் இறங்க வேண்டியது கடைசி ஸ்டேஷன். மேம்பாலத்திலிருந்து அதற்கு இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது. திருத்திச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கொடுத்த பிறகு ஒரு முகமலர்ச்சியைத் திரும்ப வாங்க அவருக்குத் தெரியவில்லை. மேம்பாலம் வந்ததும் எழுந்தார், பையை எடுத்தார், இறங்கினார். இறங்கிய கையோடு பிளாட்பாரத்தில் நாலு எட்டு ஓடி, அதே ரயிலின் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.

மறுநாளும் அவள் அதே இடத்தில் வந்து நின்றாள். கேட்கக்கூட இல்லை, தெரிந்தவரைப் பார்த்த மாதிரி சிரித்தாள். பல்லுக்காரர் அன்றும் மேம்பாலத்தில் எழுந்தார். ஆறு மாதமாக எழுந்துகொண்டிருக்கிறார்.

3

இப்படி ஒரு ஆள் இருப்பாரா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். இதுவரை எழுதியதைப் படித்த என் கணவருக்கு வந்தது. "வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. இதுக்கு ஒரு கதையா?" என்றார். சொன்னவர் யார் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர் நாலு வருடமாக இவரை வேறு யாரோ ஒருவரின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். இவரும் "சொல்லுங்க சார்" என்று வேலியோரம் போய் நிற்கிறார். நான் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒருநாள் பல்லுக்காரர் இறங்கும்போது வாசலில் கூட்டம். பிளாட்பாரத்துக்கு வந்து ஓடத் தொடங்குவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. நிறுத்தச் சொல்கிறவர்போல ஒரு கையை உயர்த்தினார். அப்புறம் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று அந்தக் கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டார். அன்று பட்டறைக்கு லேட். அடுத்த வாரமும் அதே கதை.

பட்டறைக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்திருக்கிறார். வந்ததும் விரல் வைக்கிற மெஷினை மாட்டியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை பல்லுக்காரர் தன் மனைவியிடம் போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்.

"இன்னொரு நாள் லேட்டானா அந்தக் கிளைக்கு மாத்திடுவாங்களாம். அது கீழ்த்தளம். ஒரு ஜன்னல் கிடையாது. பல்லுக்குக் கலர் எப்படிப் பாக்குறது, சொல்லு."

அதே வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை முதல் ஏழு ஐம்பத்திரண்டுக்குப் புது ரயில். கதவுகள் தாமாகத் திறந்து தாமாக மூடிக்கொள்ளும். பயணிகள் ஏற இறங்கப் பதினைந்து நொடி.

பதினைந்து நொடியில் கூட்டத்தைப் பிளந்து இறங்கி, அடுத்த பெட்டிக்கு ஓடி, அங்கே ஏறுவது நடக்காத காரியம். அதாவது, திங்கட்கிழமை அவர் மேம்பாலத்தில் எழுந்தால் —

(இந்த வாக்கியத்தை முடிக்க மனசு வரவில்லை.)

4

கதையை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முட்டிவலிக்காரி நான்தான்.

எனக்கு முட்டிவலி கிடையாது. அன்றைக்கு சீட்டின் இரும்பு விளிம்பில் இடித்துக்கொண்டேன், அடுத்த ஸ்டேஷனுக்குள் சரியாகிவிட்டது. ஆனால் மறுநாள் அவர் எழும்போது "பாத்து உக்காருங்க, கால் பத்திரம்" என்றார். இல்லை என்று சொல்லாமல் மெதுவாக உட்கார்ந்தேன். அன்றிலிருந்து மேம்பாலம் வரும்போதெல்லாம் என் கால் லேசாக நொண்டும்.

அவர் அடுத்த பெட்டியில் ஏறுவது எனக்கு முதலில் தெரியாது. கடைசி ஸ்டேஷனில் ஒருநாள் இறங்கும்போது பேனா மூடி எங்கோ விழுந்துவிட்டது. தேடத் திரும்பினால் பக்கத்துப் பெட்டியிலிருந்து பல்லுக்காரர் இறங்கிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே இருந்த சோப்பு விளம்பரத்தைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தார். நானும் பார்க்காத மாதிரி போய்விட்டேன். மேலே எழுதிய அவருடைய ஓட்டமெல்லாம் அதற்குப் பிறகு ஜன்னல் வழியே நானே பார்த்தது. அது நடந்து ஏழு வாரம் ஆகிறது.

ஏழு வாரம், தெரிந்தே உட்கார்ந்திருக்கிறேன். காரணம் அந்த இருபத்திரண்டு நிமிடம். அலுவலகத்தில் எனக்குப் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. "தங்கள் கடிதம் கிடைத்தது, ஆவன செய்யப்படும்" என்று நாளைக்கு நாற்பது தடவை எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தால் சாக்ஸ் எங்கே, சாவி எங்கே, கணக்கு நோட்டு எங்கே என்று மூன்று பேர் மாற்றி மாற்றி என்னைத்தான் கேட்கிறார்கள். என்னை யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் அந்த ஜன்னலோரம். நீங்கள் இதுவரை படித்த ஒவ்வொரு வரியும் அவர் எழுந்து கொடுத்த இடத்தில் எழுதியது. அவரை நிற்க வைத்துவிட்டு உட்கார்ந்து அவரைப் பற்றியே எழுதியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

5

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது மூன்று முடிவுகள் தோன்றின.

அ. பல்லுக்காரர் எழுந்திருக்காமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார். நல்ல முடிவுதான். ஆனால் செய்யக்கூடிய ஆளாக இருந்தால் இந்தக் கதையே இரண்டாம் பகுதியில் முடிந்திருக்கும்.

ஆ. நான் அந்தப் பெட்டியில் ஏறவே இல்லை. இது எனக்குச் சுலபம். ஆனால் என்னைக் காணவில்லை என்றால் முட்டி முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களோ என்று அந்த மனிதர் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார். ஏற்கெனவே ஒரு பொய்யால் அவரை ஓட வைத்திருக்கிறேன்.

இ. மேம்பாலம் வரும்போது நான் முந்திக்கொண்டு, இன்றைக்கு எனக்கும் இங்கேதான் வேலை என்று இறங்கிவிடுகிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவரும் இறங்கிவிடுகிறார். கதவு மூடுகிறது. இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் நிற்கிறோம், காலிச் சீட்டு ரயிலேறிப் போகிறது. படிக்க அழகாக இருக்கும். அழகுக்காக ஒருவரை ஜன்னலில்லாத கீழ்த்தளத்துக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.

6

திங்கட்கிழமை. இதை நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். புது ரயிலில் பெயின்ட் வாசனை. மற்றபடி அதே மூன்றாவது பெட்டி, அதே மூன்று பேர் சீட்டு. தூங்குகிறவர் புது ரயிலிலும் பழைய தூக்கத்தைத் தொடர்கிறார், பை பக்கத்தில். பல்லுக்காரர் ஜன்னலோரம். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் கதவுக்கு மேலே எரிகிற சிவப்பு விளக்கை ஐந்து தடவை பார்த்துவிட்டார், வாட்சை ஏழு தடவை. மடியில் இருக்கும் சாப்பாட்டுப் பையின் வாரை இப்போதே கையில் சுற்றிக்கொண்டார். எழுந்திருக்கத்தான் போகிறார்.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இம்மாதிரிக் கதைகளில் வழக்கம். எழுதியவருக்கு முடிவு தெரியவில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்கிற வழி அது. எனக்கும் தெரியவில்லை. ஆனால் என் வாசகர் யார் என்று இந்த ஒரு தடவை எனக்குத் தெரியும். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மேம்பாலத்துக்குப் பதினொரு நிமிடம் இருக்கிறது. சார், மூன்றாம் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுங்கள், நான்காம் பகுதியைப் படித்துவிட்டு என்னைத் திட்டலாம். கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். பேனா உள்ளே இருக்கிறது, மூடிதான் இல்லை. இதோ, நோட்டை நீட்டுகிறேன்.

7

(இனி வரும் எழுத்து என்னுடையதல்ல. பெரிய பெரிய எழுத்து, ரயில் ஆட்டத்தில் கோட்டைத் தாண்டியிருக்கிறது. அப்படியே படியெடுத்திருக்கிறேன்.)

எனக்கு உங்கள மாதிரி எழுத வராது. முதல்ல ஒரு திருத்தம். கலர் அட்டைல பதினாறு வெள்ளைதான், இருபது இல்ல. மத்ததெல்லாம் சரி. சோப்பு விளம்பரமும் சரி.

முட்டி வலி இல்லன்னு எனக்கு மூணாம் நாளே தெரியும். வலியப் பொறுத்துக்கிறவங்க பல்லக் கடிப்பாங்க, தாடை இறுகும். அப்படித் தேஞ்சுபோன பல்லு அச்சு வாரத்துக்கு நாலு வருது எனக்கு. நீங்க நொண்டும்போது உங்க தாடை அது பாட்டுக்கு சும்மா இருந்துச்சு.

அப்புறம் ஏன் எந்திரிச்சேன்னா, பழைய ரயில்ல அடுத்த பெட்டிக் கண்ணாடி வழியா இந்த சீட்டு தெரியும். நீங்க உக்காந்ததும் எழுத ஆரம்பிப்பீங்க. எழுதிட்டே உங்களுக்குள்ளயே சிரிப்பீங்க. வீட்டுல போய்ச் சொன்னேன். அதுலேர்ந்து என் வீட்டுக்காரி தினமும் கேக்குறா, அந்தப் பொண்ணு அப்படி என்னதான் எழுதுதுன்னு. என்னைப் பத்தின்னு இன்னைக்குச் சொன்னா நம்ப மாட்டா. நோட்டை ஒரு நாள் கடன் குடுங்க.

தூங்குறவரைக் கதையிலேர்ந்து எடுத்துடாதீங்க. இப்பத்தான் தட்டி எழுப்பி, பையை மேல வெச்சுக்கலாமான்னு கேட்டேன். தாராளமா வைங்க, இத்தனை நாளா யாரும் கேக்கலியேன்னார். நடுவுல இருக்கிறவரும் நகந்துட்டார். நானும் நகந்துட்டேன். நாலு பேர் உக்காரலாம்.

மேம்பாலம் வந்துடுச்சு. நான் இறங்கல. முடிவு எனக்கும் தெரியல. உக்காந்து எழுதுங்க.