தாமிரம் மேலேறிய குவளை

முப்பத்தோரு மணி நேரமாக, தாமிரம் கரைந்த அமிலநீரும் அந்தத் தாமிரத்தை இழுக்க வேண்டிய எண்ணெயும் பிரியவில்லை. சோதனைக் கொட்டகைத் தொட்டியின் கண்ணாடிப் பக்கத்தில் மேலே எண்ணெய், கீழே நீர், நடுவில் ஒரு கோடு தெரிய வேண்டும். தெரிந்தது சாம்பல் நிறக் கூழ்.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தவள் கம்ஷாத் அக்கா. நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போலத் ஒஸ்பானொவிச் போன் செய்வார். அதற்குள் சரியாகாவிட்டால் சோதனையை மூடுவார்கள், அக்காவை ஊருக்கு அனுப்புவார்கள்.

"இதுல பௌர்சாக் மாவுருண்டை பொரிக்கக்கூட முடியாது போலிருக்கே," என்றார் எங்கள் பிரிவுத் தலைவர் ஸாபித். கஸாக் வழக்கப்படி நாங்கள் அவரை மரியாதையாக ஸாக்கே என்போம்.

"பொரிச்சா மொதல் தட்டு உங்களுக்குத்தான், ஸாக்கே." அக்கா சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. கூழில் ஒரு குவளை எடுத்து வடிகட்டினேன். கிடைத்த எண்ணெயில் வெளுத்த களிமண் தூளைப் போட்டுக் கலக்கினேன். களிமண் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

"என்னடி பண்ற?"

"சும்மாதான், அக்கா."

மறுபடி வடிகட்டி, தாதுக் குவியலில் ஊறி வந்த புது அமிலநீரைச் சேர்த்தேன். நல்ல நீலம், தாமிரத்தின் நிறம். மூன்று நிமிடம் கலக்கி நிறுத்தினேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியில் தலைமுடி அளவு ஒரு தெளிவு. அது விரலளவு ஆனது. துளிகள் ஒவ்வொன்றாகத் தம் இனத்தோடு போய்ச் சேர்ந்தன. கீழே நின்ற நீரில் நீலம் இல்லை. மேலே எண்ணெய் கறுத்திருந்தது. அந்த நீரில் இரும்பு இருந்தது, அலுமினியம் இருந்தது. எண்ணெய் அவற்றைச் சீண்டவில்லை. தாமிரத்தை மட்டும் கூப்பிட்டது, தாமிரம் போய்விட்டது. கல்லூரியில் இதை ஒரு வரிச் சமன்பாடாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது மூச்சு விடத் தோன்றவில்லை.

அக்கா கையுறையைக் கழற்றி, கண்ணாடியை வெறும் விரலால் தொட்டாள்.

"பிரிஞ்சுடுச்சு," என்றாள், தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல.

ஸாக்கே குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அப்ப என் எண்ணெயில தப்பில்ல," என்றாள் அக்கா. "தொட்டிக்குள்ள வேற ஏதோ விழுந்திருக்கு. கொழுப்பு மாதிரி ஏதோ."

ஸாக்கே தொப்பியைக் கழற்றினார். காது மடல் சிவந்துவிட்டது. போன் அடித்தது. அக்கா கை நீட்டுமுன் அவர் எடுத்தார்.

"போலத் ஒஸ்பானொவிச், எண்ணெய் பிரமாதம். மூடிடாதீங்க. கம்ஷாத்தயும் எங்கயும் அனுப்பாதீங்க." தொப்பியைக் கசக்கினார். "நேத்து காலையில கொட்டகைக்குள்ள ஒரு பாம்பு வந்துச்சுங்க. தொட்டி விளிம்புல சுருண்டு கெடந்துச்சு. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? உள்ள வந்த பாம்பக் கொல்லாம, தலையில பால் ஊத்தி வழியனுப்பினேன். பாதிப் பால் தொட்டிக்குள்ள போயிடுச்சு. ஊத்தினது நான்தான்."