நிரம்பி வழிந்த கிண்ணம்

வெந்நீர் கொதிக்கும் சமோவார் பாத்திரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அய்சிரெக் பதினோராவது கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் பாதிதான். முழுக்க ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று விருந்தாளியிடம் சொன்னதாகிவிடும். நாத்தனாரைப் பெண் கேட்டு நாரின் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்வரை மருமகள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடத்துக்கு முன் கணவாயில் பேருந்து கவிழ்ந்து தலையில் அடிபட்டதிலிருந்து இப்படித்தான். உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் சுரப்பது நின்றுவிட்டது. மாத்திரை போட்டால் சாதாரண மனுஷி. போடாவிட்டால் குடிக்கக் குடிக்கத் தாகம், அரை மணிக்கொருமுறை கழிப்பறை. இது சர்க்கரை நோய் இல்லை என்று பிஷ்கெக் டாக்டர் எழுதிக் கொடுத்தும், மாமியார் சய்ராகுல் ஜாம் ஜாடியை அவளிடமிருந்து நகர்த்தியே வைப்பாள்.

இன்று காலை மாத்திரையையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"வந்தவங்க முன்னாடி மாத்திரை முழுங்குனா சீக்காளி வீடும்பாங்க. தண்ணி குடிச்சாத்தானே ஓடணும்? ஒரு நாள் குடிக்காம இரு."

"குடிக்கலன்னாலும் போகும் அத்தை. ஒடம்பு வத்திரும்."

"எல்லா மருமகளும் வத்தித்தான் கெடக்குறாங்க. நீ மட்டும் என்ன?"

விருந்தாளிகள் வருவதற்குள் விறகு எடுக்கிற சாக்கில் நாலு முறை வெளியே ஓடியாயிற்று. இப்போது கண் இருட்டியது. அளவு தெரியாமல், மாப்பிள்ளையின் பெரியம்மா கானிஷாவின் கிண்ணத்தில் தேநீர் விளிம்பு வரை ஏறி விரிப்பில் வழிந்தது.

கானிஷா கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

"சரிதான்," என்றாள். "ரொட்டியக்கூட இன்னும் பிய்க்கல. அதுக்குள்ள கெளம்பச் சொல்றியாம்மா?"

"கை தவறிருச்சு, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க," என்று சய்ராகுல் சிரித்து மழுப்பினாள். மன்னிப்புக் கேள் என்று மருமகளைக் கண்ணால் மிரட்டினாள்.

அய்சிரெக் கேட்கவில்லை. அந்தக் கிண்ணத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் தானே குடித்தாள். பக்கத்திலிருந்த வாளியில் தண்ணீர் மொண்டு அதையும் குடித்தாள்.

"ஒங்கள நான் அனுப்பல பெரியம்மா. எனக்கு ஒடம்புல ஒரு சுரப்பு இல்ல. மாத்திரை போடணும், தாகம் எடுத்தா குடிக்கணும், வந்தா போகணும். அவ்வளவுதான். மாத்திரை அந்தப் பெட்டியில பூட்டியிருக்கு. சாவி அத்தைகிட்ட. தெறக்கலன்னா நான் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறேன். டீய யாரு வேணா ஊத்திக்கட்டும்."

கானிஷா சய்ராகுல் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சய்ராகுல், எங்க வீட்டுக்கு வந்து ஒம்பொண்ணுக்கு ஒடம்பு முடியலன்னா, நாங்களும் மருந்தப் பூட்டிவைக்கலாமா?"

சய்ராகுலின் முகம் சுண்டிப்போனது. எழுந்து பெட்டியிடம் போனாள். பூட்டைத் திறந்தாள். மாத்திரையை எடுத்து மருமகள் கையில் வைத்தாள்.

"எம்மகளுக்குன்னா பூட்டியிருக்க மாட்டேன்."

"இப்பவாவது சொன்னீங்களே." அய்சிரெக் மாத்திரையை விழுங்கினாள். "நோய் வர்றது வெக்கமில்ல அத்தை. நோயாளியத் தாகத்தோட உக்காரவச்சிட்டு விருந்து நடத்துறோம் பாருங்க, அதுதான் வெக்கம்."